கருஞ்சிறுத்தை இரவில் நடந்தால்

இலை. அடுத்ததும் இலை. அதற்கடுத்ததும் இலைதான், ஆனால் போன படத்தில் இடது பக்கம் சாய்ந்திருந்தது, இதில் வலது பக்கம் சாய்ந்திருக்கிறது, நடுவில் ஒரு காற்று போயிருக்கிறது, அந்தக் காற்றைப் படம் பிடிக்கவா கேமராவை முதுகில் சுமந்துகொண்டு போய், முட்டி உயரத்தில் மரத்தில் கட்டி, பட்டையை இறுக்கிப் பூட்டும் போட்டுவிட்டு வந்தோம்? சூடான உடம்பு எது குறுக்கே போனாலும் மூன்று படம் எடுக்கும் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். வெயில் பட்டு இலை சூடாகி ஆடினாலும் அதற்கு அது உடம்புதான். பொத்தானை அமுக்கு, 'வெறும் படம்' என்று போடு, அடுத்தது. இலை. சாப்பிட்ட சோறு வேறு கண்ணைக் கட்டுகிறது. கீழே சைக்கிள் கடையில் ரேடியோ சீனத்தில் பாடுகிறது, மேலே காத்தாடி சுற்றுகிறதே தவிர காற்று வரவில்லை, வெளியே மழை கிரிக் பட்டணத்தைக் கல்லில் அடித்துத் துவைக்கிற மாதிரி துவைக்கிறது. முட்டி தேய்ந்துபோனவனுக்குக் காடு இனி இப்படித்தான் கிடைக்கும்போல, துண்டு துண்டாக, சாம்பல் நிறத்தில், ஒரு விரலால் தள்ளிவிடுகிற அளவுக்கு. போன தடவை வரைக்கும் நானும் ஊடாவும்தான் மலையேறிப் போய் இந்தக் கேமராக்களுக்குப் பேட்டரி மாற்றிவிட்டு வருவோம். ஊடா பூர்வக்குடி, அந்தக் காட்டிலேயே பிறந்தவன், அர்ச்சுணன் என்கிற என் பெயரில் கடைசி எழுத்துகளை மட்டும் வைத்துக்கொண்டு, மரியாதைக்கு முன்னால் ஒரு 'பா' சேர்த்து 'பா சூன்' என்று கூப்பிடுவான். இப்போது ஊடா மலையில், நான் நாற்காலியில். கேமரா கட்டும்போது முதலில் விழுவது கட்டுகிறவர்களுடைய படம்தான். அப்படி, காட்டு விலங்குகளை ஆராய்கிற எங்கள் டாக்டர் யோகமலர் வெள்ளைச் சட்டையும் கறுப்புக் காற்சட்டையுமாகக் குனிந்து நின்ற படம் ஒன்று போன மாதம் வந்தது, நான் அதற்கு 'தாப்பிர்' என்று போட்டேன். தாப்பிர் தெரியுமல்லவா, பன்றியாகவும் ஆகாமல் யானையாகவும் ஆகாமல் நடுவில் நின்றுபோன பிராணி, முன்னும் பின்னும் கறுப்பு, இடுப்பில் மட்டும் வெள்ளை வேட்டி. கணக்கு கோலாலம்பூர் வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. "எந்தத் தாப்பிர் கைல வாட்ச் கட்டும் அங்கிள்?" என்று டாக்டர் வந்து நின்றார். "படிச்ச தாப்பிர் கட்டும்மா" என்றேன். அன்றைக்குச் சிரித்ததுதான். அப்புறம் இந்த அறையில் யாரும் சிரித்து நான் கேட்கவில்லை. இலை. அடுத்தது. இலை.

ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்தில் ஒரு பட்டியல் தொங்கும், அதிலிருந்து பெயரைத் தொடவேண்டும். காட்டுப்பன்றி, முள்ளம்பன்றி, கேளையாடு, யானை, மனுஷன், வெறும் படம். பூனைச் சாதிகள் கீழே, வரிசையாக. ஒவ்வொன்றுக்கும் எதிரில் கேமராவிலிருந்து எடுத்துவந்த இந்த மெமரி கார்டில் எத்தனை என்று ஓர் எண் ஓடிக்கொண்டே இருக்கும். புலி என்ற சொல்லுக்கு எதிரில் மட்டும் சைபர் அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. காட்டுக்குள் நாங்கள் அந்தச் சொல்லைச் சொல்வதே இல்லை. ஊடா 'தோக்' என்பான், பாட்டன் என்று அர்த்தம், நான் பெரியவங்க என்பேன். பெயரைச் சொன்னால் கூப்பிட்ட மாதிரி ஆகிவிடும், கூப்பிட்டால் வந்து நிற்கும். இங்கே மேல்மாடியில் அந்தப் பயம் கிடையாது, சொல் பட்டப்பகலில் எழுத்தாக நிற்கிறது, சத்தமாகக்கூட வாசித்துப் பார்த்துவிட்டேன், புலி, புலி, புலி என்று மூன்று தரம், டாக்டர் அடுத்த அறையிலிருந்து "என்ன அங்கிள், வந்துருச்சா?" என்று ஓடிவந்து, இல்லை என்றதும் முகம் விழுந்துபோய்த் திரும்பினார். அந்த முகத்துக்கு அப்புறம் நான் விளையாடவில்லை. சுங்கை கெருவா பள்ளத்தாக்கில் மிச்சம் இருந்தது ஒரே ஒருத்தி. இடது விலாவில் மூன்று கோடு ஒன்றாகச் சேர்ந்து கவைக்கம்பு மாதிரி இருக்கும், அதை வைத்துத்தான் அடையாளம். ஹரிராயாப் பெருநாளுக்கு முன்னால் ஒரு படத்தில் விழுந்தாள், அதற்குப் பிறகு விழவில்லை. போன கார்டில் இல்லை, அதற்கு முந்தினதில் இல்லை. இது கடைசிக் கார்டு. இதிலும் அவள் உயிரோடு இருக்கிறாள் என்பதற்கு ஒரு அறிகுறி கிடைக்காவிட்டால் வெள்ளிக்கிழமை கேமராக்களை இறக்கிவிடுவார்கள், காவல் சுற்றும் ஆட்களையும் வேறு பள்ளத்தாக்குக்கு அனுப்பிவிடுவார்கள். பெரிய ஆபீசில் அப்படித்தான் முடிவாகியிருக்கிறது, அவர்களையும் தப்புச் சொல்ல முடியாது, இருக்கிற ஆட்கள் கொஞ்சம், புலி நிச்சயமாக இருக்கிற காட்டுக்குத்தானே காவல் போடுவார்கள். ஆட்கள் போன மறுவாரமே சுருக்குக் கம்பிக்காரர்கள் வருவார்கள். சைக்கிள் பிரேக் கம்பிதான், வளைத்து மண்ணில் புதைத்து இலையைத் தூவிவிட்டால் போதும், அது புலி, பன்றி என்று பார்க்காது, காலைப் பிடிக்கும், நாள் கணக்கில் பிடித்துக்கொண்டிருக்கும். அவள் இருந்து, நாங்கள் இல்லை என்று எழுதி, ஆட்களை எடுத்துவிட்டால். அடுத்தது. பன்றி. பன்றியும் குட்டிகளும். பன்றியின் பின்பக்கம். முள்ளம்பன்றி, நேரம் மத்தியானம் இரண்டு, மத்தியானத்தில் உனக்கு என்னடா ஊர்சுற்றல், பகலெல்லாம் பொந்துக்குள் படுத்துத் தூங்குகிற சாதிதானே நீ, அதுகளுக்கும் காலம் கெட்டுப்போச்சு. அடுத்தது. கருஞ்சிறுத்தை.

மறுபடியும் கருஞ்சிறுத்தை. இரவு பதினொன்று சொச்சம். போன வரிசையில் பன்னிரண்டரை, அதற்கு முந்தினதில் ஒன்று. நம் மலாயாத் தீபகற்பத்தில் சிறுத்தை என்றால் அநேகமாக எல்லாமே கறுப்புதான், அடுப்புக்கரியில் உருட்டி எடுத்த மாதிரி, எது எந்தச் சிறுத்தை என்று வெறும் கண்ணால் சொல்ல முடியாது. அதற்கு டாக்டர்மார் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். கேமராவுக்கு வெளிச்சம் பார்க்கிற சின்னக் கண் ஒன்று உண்டு, அதன்மேல் கறுப்பு டேப்பை ஒட்டிவிடுவோம், பாவம் அது பட்டப்பகலையும் ராத்திரி என்று நம்பி, நம் கண்ணுக்குத் தெரியாத ஒரு விளக்கைப் போட்டுப் படம் எடுக்கும், அந்த விளக்கில் கறுப்புத் தோலுக்கு அடியில் இருக்கிற புள்ளிகள் எழும்பி வரும். வாழ்நாளெல்லாம் மனுஷரிடம்தான் பொய் சொல்லிக்கொண்டிருந்தேன், கேமராவிடமும் சொல்லலாம் என்று இந்த வேலைக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. அதனால் என்ன ஆகிறதென்றால் எல்லாப் படமும் ஒரே சாம்பல். அதிலும் இந்தக் கேமராவுக்கு எதிரே மண்மேடு, ஆகாயம் துளியும் தெரியாது, பகலா ராத்திரியா என்பதை ஓரத்தில் விழுகிற மணியைப் பார்த்துத்தான் சொல்லவேண்டும். மணி சொல்கிறது, ராத்திரி. ராத்திரியில் சிறுத்தை நடந்தால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும், டாக்டர் விளக்கியதை நான் எனக்குப் புரிகிற மாதிரி மாற்றிவைத்திருக்கிறேன். புலி துரை மாதிரி. ரப்பர் தோட்டத்தில் துரை பங்களா வாசலில் நிற்கிற நேரத்தில் கணக்கு எழுதுகிற பெரிய கிராணி அந்தப் பக்கம் போகமாட்டார், கிராணி ஆபீசில் இருக்கிற நேரத்தில் கூலிகளை மேய்க்கிற மண்டோர் தலைகாட்டமாட்டார். காட்டிலும் அதேதான். ராத்திரிப் பாதை புலிக்கு, அதனால் சிறுத்தை பகலில் நடக்கும், சிறுத்தை நடக்கிற தடத்தில் கிளைப்புலி இறங்காது, மலாய்க்காரர்கள் அப்படித்தான் அதைக் கூப்பிடுகிறார்கள், உடம்பெல்லாம் மேகம் மேகமாகத் திட்டு, மரக்கிளையிலேயே காலத்தை ஓட்டிவிடும். அதற்கும் கீழே பொன்னிறப் பூனை, அதற்கும் கீழே உடம்பெல்லாம் புள்ளி போட்ட சின்னப் பூனை, அது ஆயா பார்த்துக்கொள்கிற ஆயக்கொட்டகைப் பிள்ளை மாதிரி, எல்லாருக்கும் பயந்து, எல்லாரும் போன பிறகு மிச்சத்தைத் தேடும். துரை சீமைக்குப் போய்விட்டார் என்று எப்படித் தெரியும்? கிராணி பங்களா நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தால் தெரியும். யாரும் வந்து சொல்லத் தேவையில்லை. இதோ கிராணி காலை நீட்டிக்கொண்டு போகிறார், ராத்திரி பதினொன்றுக்கு, பாதை நடுவில், வயிறு தொங்க. டாக்டர் சாயங்காலம் கணக்கைக் கூட்டி எழுதுவார். எழுதிவிட்டால் அவள் செத்தவள்தான், உடம்பைப் பார்க்காமலே செத்தவள். பொத்தான். சிறுத்தை, ஒன்று. அடுத்தது.

பட்டணத்தில் என்னைப் பார்த்தால் புலிக்கதை கேட்பார்கள். மாமாக் டீக்கடையில் பால் போடாத தே ஓ வைத்துவிட்டு, "அர்ச்சுணன் அண்ணே, அந்த மரக்கட்டைக் கதை" என்பார்கள். மரக்கட்டை என்று நினைத்து அதன்மேல் உட்கார்ந்து சுருட்டுப் பற்ற வைத்தேன், கட்டை இருமியது, அதுதான் கதை. ஒரு தரம் சொல்லும்போது இருமும், இன்னொரு தரம் தும்மும், கூட்டம் பெரியதாக இருந்தால் அது திரும்பிப் பார்த்து 'ஒரு இழுப்புக் கொடு' என்று கேட்கும். பால் எடுக்க ரப்பர் மரம் சீவப் போன விடியற்காலையில் என் நெற்றி விளக்கைப் புலி கவ்விக்கொண்டு போய்விட்டது, அது போகிற பக்கமெல்லாம் வெளிச்சம் தெரிந்ததால் பன்றிகள் தப்பித்தன, பசி தாங்காமல் மூன்றாம் நாள் கொண்டுவந்து வைத்துவிட்டது என்று ஒன்று. ஆனால் நான் நிஜமாகவே அவளைப் பார்த்ததை ஒருத்தரிடமும் சொன்னதில்லை. சொல்வதற்கு அதில் ஒன்றுமே நடக்கவில்லை. ஊடா தண்ணீர் எடுக்க ஓடைக்கு இறங்கியிருந்தான், நான் மூங்கில் புதரோரம் செருப்பைக் கழற்றி அட்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தேன், தலையை நிமிர்த்தினால் நிற்கிறாள். அவ்வளவு பக்கம் என்று இல்லை, அவ்வளவு தூரமும் இல்லை. இடது விலாவைக் காட்டிக்கொண்டு நின்றாள், கவைக்கம்பு தெரிந்தது. என் கையில் அட்டை நெளிந்துகொண்டிருந்தது. எனக்குப் பயம்கூட வரவில்லை, வர நேரமில்லை, பிறகுதான் வந்தது, முகாமுக்குத் திரும்பிச் சோறு சாப்பிடும்போது குழம்பைச் சட்டையில் ஊற்றிக்கொண்டேன். அவள் என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, பேருந்து நிலையத்தில் தெரியாத ஆளைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்புவார்களே, அப்படித் திருப்பிக்கொண்டு போனாள். கொட்டாவிகூட விடவில்லை. இதைக் கடையில் எப்படிச் சொல்வது, 'அப்புறம்?' என்பார்கள், அப்புறம் ஒன்றுமில்லை. எதையாவது சேர்க்கலாம் என்று பல தடவை வாயெடுத்திருக்கிறேன், ஒரு உறுமலாவது, சேர்க்க முடியவில்லை, சேர்த்தால் போய்விடும்போல இருந்தது. ஊடா தண்ணீரோடு வந்தபோதும் சொல்லவில்லை, அவன் தடத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், தண்ணீரை என் கையில் கொடுத்தான். ஆக நான் உண்மை பேசுகிறேன் என்பதற்கு உலகத்தில் ஒரே ஒரு சாட்சிதான், அதுவும் இப்போது பட்டியலில் சைபராக உட்கார்ந்திருக்கிறது. என்ன யோசனை இது, தூக்கக்கலக்கம். இலை. இலை. கேளையாடு. மரத்தில் கட்டின கேமராவை யானை தும்பிக்கையால் தடவுகிறது, படம் முழுக்கச் சுருக்கம், நல்லவேளை பிய்த்துப் போடவில்லை. இலை. குரங்கு.

குரங்கு. குட்டைவால் குரங்கு, கூட்டமாக, தரையில் நடந்து போகிறது, ஒன்று உட்கார்ந்து ஏதோ உரித்துத் தின்கிறது, தாயின் வயிற்றில் குட்டி தொங்குகிறது. மணி இரவு ஒன்றேகால். விரலை எடுத்துக்கொண்டேன். குரங்கு ராத்திரி ஒன்றேகாலுக்குத் தரையில் உட்கார்ந்து தின்னுமா? நான் புளுகுகிற குரங்குகூட அப்படிச் செய்ததில்லை. மறுபடியும் பார்த்தேன், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன், நெஞ்சு அடித்துக்கொள்ள ஆரம்பித்தது, இந்த வயதில் அது நல்லதில்லை, கொஞ்சம் இரு, கொஞ்சம் இரு என்று அதனிடம் சொல்லிவிட்டு, "டாக்டர்மா, கொஞ்சம் வாங்களேன், இங்க குரங்கு ராத்திரியில நடக்குது" என்றேன். "உங்க கதையிலயா?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "கதையில பறக்கும்மா. இங்க நடக்குது." கையில் கோப்பிக் குவளையோடு வந்து என் தோளுக்கு மேல் குனிந்து பார்த்தார். ஆச்சரியப்படவில்லை. "ஆமா அங்கிள், அந்தக் கேமராவுக்கு மணி தப்பு. பன்னெண்டு மணி நேரம் பின்னுக்கு ஓடுது. மேலாகப் பார்த்தப்பவே சந்தேகம் வந்துச்சு, சிறுத்தைக்குக் கண்ணு மினுங்கலை பாருங்க. நிஜ ராத்திரின்னா ரெண்டு டார்ச்லைட்டு மாதிரி மினுங்கும். பேட்டரி மாத்துனப்ப யாரு மணி வச்சது?" நான் முட்டியைத் தடவினேன். அந்த உச்சிவெயில் ஞாபகம் வந்தது. பேட்டரியைப் போட்டதும் கேமரா தன் மணியை மறந்துவிட்டு நம்மைக் கேட்கும், பன்னிரண்டு என்று வைத்தாயிற்று, ஏ.எம்.மா பி.எம்.மா என்று கேட்டது, ஊடாவைக் கேட்டால் அவன் சிரித்தான், அவனுக்கு இரண்டும் வெள்ளைக்காரன் வேலை. "டாக்டர்மா, மணி வைக்கிறப்ப நாங்க இன்னும் சாப்பிடலை" என்றேன். "சாப்பிடலைன்னா?" "சாப்பிடாதவனுக்கு மத்தியானம் ஏதும்மா? காலையிலயே நிக்கிறோம்னு ஏ.எம். வச்சுட்டேன்." அவர் என்னைப் பார்த்த பார்வையில் சிரிப்பு வரப் பார்த்துப் பாதியில் நின்றது. "அடுத்த வாட்டி சோத்தைத் தின்னுட்டு மலையேறுங்க அங்கிள்." நான் விடவில்லை. "அப்ப சிறுத்தை நடந்ததெல்லாம் பகல்லதான். ராத்திரியை அது இன்னும் தொடலை. அப்ப ராத்திரி இன்னும் அவங்களோடதுதானே? அவங்க இருக்காங்கதானே?" குவளையை மேசையில் வைத்தார். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது, அந்தப் பிள்ளையும் தூங்கி எத்தனை நாளோ. "நானும் அப்படித்தான் ஓடிப்போய் எழுத உக்காந்தேன் அங்கிள். எழுத முடியலை. புலி போன மறுநாளே சிறுத்தை ராத்திரிக்கு மாறிடும்னு யாரு சொன்னா? மாசக்கணக்காகலாம். பயம் பழக்கமாயிடும்லா. ஆளு போன பின்னாலயும் பழக்கம் நிக்கும். பகல்ல நடக்குதுங்கிறதை வச்சு அவ உயிரோட இருக்கான்னு பெரிய ஆபீசுல சொன்னா என்னைக் கேள்வி கேட்டே கொன்னுடுவாங்க." போகிற வழியில் நின்று, "மிச்சத்தையும் பாத்துடுங்க. இன்னும் கொஞ்சம்தான் இருக்கு" என்றார்.

பயம் பழக்கமாகிவிடும். அதை எனக்குச் சொல்லித்தரவேண்டாம். என் பெண்டாட்டி பவுனம்மா போய் இரண்டு தீபாவளி ஆகிவிட்டது. இருந்த காலத்தில் வீட்டுக்கு யாராவது வந்து நான் முன்னறையில் கதையை ஆரம்பித்தால், சமையல்கட்டிலிருந்து சத்தம் வரும், "பொய்யி!" தாளிக்கிற சத்தத்துக்கு நடுவிலும் அந்தச் சொல் தெளிவாக வரும். வந்தவர்கள் சிரிப்பார்கள், எனக்கு மானம் போகும். அதனால் புளுகு வருகிற இடத்தில் மட்டும் குரலைத் தாழ்த்தப் பழகிக்கொண்டேன், கட்டை இருமுகிற இடம் வந்தால் கிசுகிசுப்பேன், வந்தவர்கள் பயந்துபோய் முன்னால் சாய்வார்கள், அவர்களுக்கு அது கதைசொல்கிற திறமை, எனக்கு அது பவுனம்மா. இப்போது வீட்டில் யாருமில்லை. அடுப்பு சில்லென்று கிடக்கிறது. போன வாரம் மீட்டர் பார்க்க வந்த மலாய்ப் பையனுக்கு நெற்றி விளக்குக் கதை சொன்னேன், விளக்கைக் கவ்வுகிற இடம் வந்ததும் என் குரல் தானாகவே இறங்கியது, கண் சமையல்கட்டுப் பக்கம் போய் வந்தது, அவளுக்கு மலாய் நன்றாகத் தெரியும். பையன்கூடத் திரும்பிப் பார்த்தான், அங்கே யாரோ இருக்கிறார்கள் என்று. இல்லை. என் குரல் தாழ்வதைக் கேட்டுவிட்டு ஒருத்தன் பவுனம்மா உயிரோடிருக்கிறாள் என்று கணக்கு எழுதினால் எவ்வளவு தப்பு. டாக்டர் சொன்னது சரி. சரியாக இருப்பதுதான் கஷ்டமாக இருக்கிறது. கருஞ்சிறுத்தை மத்தியான வெயிலில் நடக்கிறது, ராத்திரியைத் தொடாமல், இல்லாதவளுக்கு இடம் விட்டுக்கொண்டு, நாள் முழுக்க விட்டுக்கொண்டு. அதற்கு யார் போய்ச் சொல்வது. பொத்தான். சிறுத்தை, ஒன்று, பகல். டாக்டர் சொன்னபடி மணியை மாற்றிப் போடு. இலை. இலை. எதற்கு எழுந்து வந்தேன் இன்றைக்கு. முட்டி வலிக்கிறது, மழைக்கு முட்டி வலிக்கும். பன்றி. இலை. இந்த இலையை எனக்குத் தெரியும், எத்தனை தடவை பார்த்தாயிற்று, ஓரத்தில் பூச்சி தின்ற ஓட்டை, மடிப்பு, என் பேரப்பிள்ளைகள் முகத்தை இத்தனை தடவை பார்த்திருக்கமாட்டேன். அவர்கள் சிங்கப்பூரில். இலை. இனி எத்தனை படம் இருக்கிறது என்று கீழே பார்த்தால் ஒரு கோடு, அதில் நிரம்பாத துளி கொஞ்சம்தான். அது நிரம்பினால் பள்ளத்தாக்கு முடிந்தது. மெதுவாக அமுக்கலாம். மெதுவாக அமுக்கினால் மட்டும் என்ன, எடுத்த படம் எடுத்ததுதான். இலை. முள்ளம்பன்றி. அடுத்தது.

கருஞ்சிறுத்தை. பாதை நடுவில். தலையைத் தூக்கி, வாலை மேல்நோக்கிச் சுருட்டிக்கொண்டு, கல்யாண வீட்டு மாப்பிள்ளை மாதிரி. மணி மத்தியானம் இரண்டு, அப்படியென்றால் ராத்திரி இரண்டு. கண் இரண்டும் எரிகிறது. டார்ச்லைட்டுத்தான், டாக்டர் சொன்ன மாதிரியே, இரண்டு வெள்ளைக் குழி, பார்க்கவே கூசியது. ஆக முடிந்தது. மாசக்கணக்காகலாம் என்றார், மாசக்கணக்கும் ஆகிவிட்டது, கிராணி நாற்காலியில் ஏறிவிட்டார். எனக்கு அழுகையெல்லாம் வரவில்லை, உடம்பு முழுக்க ஒரு அசதி இறங்கியது, காலையிலிருந்து மூட்டை தூக்கினவன் மாதிரி. இந்த ஒரு படம் இல்லையென்றால்? இதை மட்டும் தொட்டு அழித்துவிட்டால் கார்டில் ஒரு சிறுத்தையும் ராத்திரியில் நடக்கவில்லை, டாக்டரால் இருக்கிறாள் என்றும் எழுத முடியாது, இல்லை என்றும் எழுத முடியாது, இழுபறி என்று சொல்லி வெள்ளிக்கிழமையைத் தள்ளிப்போடக் கேட்கலாம், பள்ளத்தாக்கு இன்னும் கொஞ்ச காலம் பிழைக்கும். அழிக்கிற பொத்தான் மேல்மூலையில் இருக்கிறது, சின்னக் குப்பைத்தொட்டி. ஆயுசுக்கும் வாயால்தான் புளுகியிருக்கிறேன், கையால் செய்ததில்லை, வாயால் சொல்வதைக் கேட்கிறவன் சிரித்துவிட்டுப் போவான், அவனுக்கும் தெரியும் எனக்கும் தெரியும். இதை யார் சிரிப்பார்கள். அந்தப் பிள்ளை கறுத்த கண்ணோடு உட்கார்ந்து என் சைபரைக் கூட்டும். ஆனால் கம்பி. மண்ணுக்குள் வளைத்து வைத்த கம்பி, அவள் ஒருவேளை. ஒருவேளை எல்லாம் இல்லை, கண்ணைப் பார், எரிகிறது. விரல் குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றது, கிழட்டு விரல், வழுக்கி வேறெங்கோ பட்டது. படம் மாறிவிட்டது. அதே கேமரா, அதே ராத்திரி, அடுத்த நொடி. மூன்று எடுக்கும் அல்லவா, நான் முதலில் இருப்பதை மட்டும் வைத்துப் புலம்பிக்கொண்டிருந்திருக்கிறேன். இதில் சிறுத்தையின் வயிறு தரையில் ஒட்டிக் கிடக்கிறது. காது இரண்டும் மண்டையோடு படிந்துவிட்டன. வாயைத் திறந்து பல்லைக் காட்டுகிறது, தலை மேட்டுப் பக்கம் திரும்பியிருக்கிறது, படத்துக்கு வெளியே. மூன்றாவதில் ஒரு பின்னங்காலும் வாலும், எகிறிய மண்ணும். அதற்குப் பிறகு விடிகிற வரைக்கும் அந்தப் பாதையில் எந்த உயிரும் நடக்கவில்லை, ஒரு எலிகூட.

டாக்டரைக் கூப்பிட்டேனா, நாற்காலி நகர்ந்த சத்தத்துக்கே வந்துவிட்டாரா, தெரியவில்லை, பக்கத்தில் நின்றார். முதல் படத்துக்குப் போய் மூன்றையும் வரிசையாகத் தள்ளினேன். "இன்னொரு தரம்" என்றார். தள்ளினேன். "இன்னொரு தரம், மெதுவா." முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "யானையைப் பாத்தும் இப்படி ஓடும் அங்கிள்." "ஓடும்மா. யானை ஒளிஞ்சு நிக்குமா?" "மேட்டோட போயிருக்கலாம், கேமராவுல விழாம. கரடியா இருக்கலாம். பெரிய ஆண் சிறுத்தை ஒன்னா இருக்கலாம்." "இருக்கலாம்மா." "சிரிக்காதீங்க." "நான் சிரிக்கலையே." "உங்க மூஞ்சி சிரிக்குது." தன் முகத்தைக் கையால் அழுந்தத் துடைத்துவிட்டு எழுந்து ஜன்னலோரம் போய்ப் போன் போட்டார், மழைச் சத்தத்துக்கு மேலே மலாயில் பேசினார், எனக்குக் கேட்கட்டும் என்றே பேசின மாதிரி இருந்தது. கேமராவை இறக்கவேண்டாம், ஆட்கள் இருக்கட்டும், அடுத்த கார்டு வரைக்கும், ஆமாம், என் பொறுப்பு. எதிர்முனையில் ஏதோ கேட்டார்கள். இல்லை, புலிப் படம் இல்லை, என்றார். மறுபடியும் கேட்டார்கள். இல்லை, காலடியும் இல்லை. புலிக்குப் பயந்த படம் ஒன்று இருக்கிறது. அந்தப் பக்கம் சரி என்றிருக்கவேண்டும், டாக்டர் "தெரீமா காசே, துவான்" என்று நன்றி சொன்னார், போனை மேசையில் கவிழ்த்து வைத்தார், நின்ற இடத்திலேயே கண்ணை மூடிக்கொண்டார். நான் படத்துக்குத் திரும்பினேன். பட்டியலில் பயம் என்று எதுவும் கிடையாது. சிறுத்தை, ஒன்று, இரவு என்று உள்ளதை உள்ளபடி போட்டேன். போட்டுவிட்டு அடுத்ததுக்குப் போகாமல் நடுப்படத்திலேயே இருந்தேன். மண்ணோடு மண்ணாக அமுங்கின அந்த வயிறு, மடங்கின காது, வெளுத்துப்போன கண். பழக்கத்துக்குப் பயப்படுகிற முகம் இல்லை அது. பாவம், எப்படிப் பயந்திருக்கிறான். பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு குளிர்ந்தது.